எம்டிடி-லயே செல் சாகுறது தெரியுதே, அப்புறம் எதுக்கு பயோசென்சர் செல்? (டார்கெட்டட் கேன்சர் மருந்து ஸ்கிரீனிங்)

நெல்லை_உயிரி:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பயோடெக் கடைசி செமஸ்டர் பண்றேன், ப்ராஜெக்ட் கேன்சர் மருந்து ஸ்கிரீனிங். எங்க டிபார்ட்மெண்ட்ல வழக்கமா என்ன பண்ணுவோம்னா புனேல இருந்து எம்சிஎஃப்-7 இல்லன்னா ஹீலான்னு கேன்சர் செல் வாங்குவோம், ஏதாவது ஒரு செடியோட எக்ஸ்ட்ராக்ட் போடுவோம், 48 மணி நேரம் கழிச்சு எம்டிடி-ங்குற மஞ்சள் உப்பை போட்டு (உயிரோட இருக்குற செல் அதை ஊதாவாக்கும்) ஊதா கலர் எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு ரீடர்ல பாத்துட்டு ஐசி50 (சிக்னலை பாதியாக்குற டோஸ்) எழுதிருவோம். சீனியர்ஸ் தீசிஸ் எல்லாமே கிட்டத்தட்ட இதே டிசைன்தான். இந்த தடவை எங்க மேடம் "டார்கெட்டட் தெரபின்னு தலைப்பு வச்சிட்டு வெறும் எம்டிடி போட்டா எப்படிம்மா, செல் வச்சு பண்ற பயோசென்சர் பத்தி படிச்சிட்டு வா"ன்னு சொல்லிட்டாங்க. படிக்க ஆரம்பிச்சா ஃப்ரெட், லூசிஃபெரேஸ், கேடிஆர், இம்பீடன்ஸ்னு போய்ட்டே இருக்கு. என் கேள்வி ரொம்ப அடிப்படையானது, செல் செத்துச்சுன்னா மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? இதுக்கு மேல சென்சார் என்ன புதுசா சொல்லும்? எங்ககிட்ட இருக்குறது ஒரு பிளேட் ரீடர், ஒரு சாதாரண ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப், அவ்ளோதான்.

பழைய_பிப்பெட்:
நல்ல கேள்விம்மா. ப்ளீச்சிங் தண்ணி ஊத்துனாலும் செல் சாகும், எம்டிடி-ல ஐசி50-யும் அழகா வரும். அதனால "செத்துச்சா"ங்குறது டார்கெட்டட் மருந்துக்கு கேள்வியே இல்ல, "எதை அடிச்சதால செத்துச்சு"ங்குறதுதான் கேள்வி. நான் பெங்களூர்ல ஸ்கிரீனிங் லேப்ல ரொம்ப காலம் இருந்தவன், அங்க ஒரு காம்பவுண்டை தூக்கி போடுறதா வச்சிக்கிறதான்னு முடிவு பண்றதே இந்த ஒரு கேள்விலதான்.

நீ சென்சார்னா ஒளிரணும், மினுங்கணும்னு நெனைக்காத. எனக்கு தெரிஞ்சு ரொம்ப எளிமையான, ரொம்ப நேர்மையான சென்சார் செல்லுன்னா அது பாஎஃப்3 தான். எலியோட பி செல் வகை, ஐஎல்-3ங்குற வளர்ச்சி புரதம் மீடியால எப்பவும் இருந்தாத்தான் உயிரோட இருக்கும், நிறுத்துனா செத்துரும். 1988-ல டேலியும் பால்டிமோரும் இந்த செல்லுக்குள்ள பிசிஆர்-ஏபிஎல்ங்குற, சிஎம்எல் ரத்தப்புற்றை உண்டாக்குற ஜீனை ஏத்தினாங்க, உடனே அதுக்கு ஐஎல்-3 தேவைப்படல, பிசிஆர்-ஏபிஎல் குடுக்குற சிக்னல்லயே வளர ஆரம்பிச்சிருச்சு. அதாவது மெஸ் சாப்பாட்டை நம்பி இருந்த பையன் ரூம்லயே அடுப்பு வச்சிக்கிட்ட மாதிரி. இப்ப ஐஎல்-3 இல்லாம மருந்தை போடு, செல் சாகுதா? சரி. அதே மருந்தை அதே டோஸ்ல ஐஎல்-3 ஊத்தின கிணத்துலயும் போடு. அங்க செல் பொழச்சிக்கிச்சுன்னா மருந்து அடிச்சது பிசிஆர்-ஏபிஎல்-ஐத்தான். அங்கயும் செத்தா அது பொதுவான விஷம், தூக்கி போட்டுரு. ஒரே செல், ஒரே பிளேட், ஒரே ஒரு பொருள் மட்டும் வித்தியாசம். ரீட்-அவுட் என்னவோ நீ சொல்ற அதே எம்டிடி மாதிரி சாதாரண டெஸ்ட்தான், ஆனா செல்லை அமைச்ச விதத்துல அது டார்கெட்டை சொல்ற கருவியா ஆயிருச்சு.

இதே பாஎஃப்3-ல டி315ஐ மாதிரி ரெசிஸ்டன்ஸ் மியூடேஷன் இருக்குற பிசிஆர்-ஏபிஎல்-ஐ ஏத்தி வரிசையா ஒரு பேனல் வச்சிருப்பாங்க. பிசிஆர்-ஏபிஎல்-ஐ அடைக்கிற மருந்துகள்ல இமாடினிப் டி315ஐ-ல தோக்கும், பொனாடினிப் ஜெயிக்கும். எந்த மருந்துக்கு எந்த மியூடேஷன் தப்பிக்கும்னு ஒரே பிளேட்ல படிச்சிரலாம்.

தரவுக்காரன்:
ஒரு எதிர்க்கருத்து. இவ்ளோ சுத்தி வளைக்கணுமா? கைனேஸை (பிசிஆர்-ஏபிஎல் மாதிரி, வேற புரதத்துல பாஸ்பேட் ஒட்டுற என்சைம்) தனியா சுத்தம் பண்ணி எடுத்து டியூப்ல போட்டு, மருந்தை போட்டு, பாஸ்பேட் ஒட்டுதா ஒட்டலையான்னு பாத்தா முடிஞ்சுது. செல்லுக்குள்ள ஆயிரம் விஷயம் நடக்குது, ஒவ்வொண்ணும் ஒரு நாய்ஸ். டியூப்ல நாய்ஸ் கம்மி, ரிப்பீட் பண்ணா அதே நம்பர் வரும். ஸ்கிரீனிங்குக்கு முதல்ல வேணும்னா அதுதான்.

அணுநோக்கி:
தரவுக்காரன், அந்த "ஆயிரம் விஷயம்"தான் மருந்து போய் வேலை செய்யப்போற எடம், அதை நாய்ஸ்னு சொல்லிட்டா எப்படி. ரெண்டு உதாரணம் சொல்றேன்.

ஒண்ணு ஏடிபி, கைனேஸ் ஒட்டுற பாஸ்பேட் இதுல இருந்துதான் வருது. பெரும்பாலான கைனேஸ் மருந்து ஏடிபி உக்கார்ற எடத்துலதான் போட்டி போட்டு உக்காருது. டியூப் டெஸ்ட்ல வழக்கமா பத்து இருபது மைக்ரோமோலார் ஏடிபி போடுவாங்க, ஆனா உயிரோட இருக்குற செல்லுக்குள்ள ஏடிபி 1-ல இருந்து 5 மில்லிமோலார் வரைக்கும் இருக்கு, நூறு மடங்கு ஜாஸ்தி போட்டி. டியூப்ல நானோமோலார்ல கலக்குன காம்பவுண்ட் செல்லுல மைக்ரோமோலார்லயும் அசையாம நிக்குறது ரொம்ப சாதாரணம். அதுக்கு மேல மெம்பரேனை தாண்டி உள்ள போகணும், போனதை பம்ப் வெளிய தள்ளாம இருக்கணும்.

ரெண்டாவது, இதுதான் எனக்கு முக்கியம், வெமுராஃபெனிப். மெலனோமாங்குற தோல் கேன்சர்ல பிராஃப் வி600இ மியூடேஷனுக்கு 2011-ல அமெரிக்காவுல அனுமதி கெடச்ச மருந்து. செல்லை வளரச் சொல்ற சிக்னல் ராஸ், ராஃப் (பிராஃப் அதுல ஒண்ணு), மெக், இஆர்கே-ன்னு சங்கிலியா போகும், அந்த மியூடேஷன் இருக்குற செல்லுல கடைசி கண்ணியான இஆர்கே சிக்னலை அப்படியே அணைக்கும். ஆனா அதே மருந்து, பிராஃப் நார்மலா இருந்து ராஸ் முறுக்கிக்கிட்டு நிக்குற செல்லுல இஆர்கே-ஐ அணைக்காது, ஏத்தி விடும்! ராஃப் புரதம் ஜோடி ஜோடியா சேர்ந்து வேலை செய்யுது, மருந்து ஜோடில ஒண்ணுல உக்காந்தா பக்கத்துல இருக்குறது தூண்டப்படுது. 2010-லயே இதை மூணு குரூப் தனித்தனியா காட்டிட்டாங்க. மருந்து எடுத்த ஆளுங்கள்ல கொஞ்சம் பேருக்கு தோல்ல ஸ்குவாமஸ் கட்டி வந்ததுக்கு இதுதான் காரணம், அப்புறம் மெக் தடுப்பானையும் சேத்து குடுத்ததும் அது கொறஞ்சுது. ஒத்த பிராஃப்-ஐ டியூப்ல வச்சு பாத்தா இது ஜென்மத்துக்கும் தெரியாது, ஏன்னா அங்க ராஸும் இல்ல, ஜோடி சேர்ற மெம்பரேனும் இல்ல.

அதே மருந்து அதே வி600இ இருக்குற பெருங்குடல் கேன்சர்ல ஏன் வேலை செய்யலங்குறதும் செல்லுக்குள்ளதான் கெடச்சுது. பிராஃப்-ஐ அடைச்ச உடனே செல் மேல இருக்குற ஈஜிஎஃப்ஆர்ங்குற வளர்ச்சி ரிசெப்டர் முழிச்சிக்கிட்டு வேற வழியா சிக்னலை திரும்ப ஏத்திருது, 2012-ல காட்டுனாங்க. அதை வச்சுத்தான் எங்கோராஃபெனிப்ங்குற பிராஃப் தடுப்பானோட, ஈஜிஎஃப்ஆர்-ஐ அடைக்கிற செடுக்சிமேப்-ஐ சேத்து குடுக்குற முறை 2020-ல அனுமதி வாங்குச்சு.

நெல்லை_உயிரி:
அக்கா இது ரொம்ப சுவாரசியமா இருக்கு. ஆனா இஆர்கே ஏறுதா எறங்குதான்னு செல்லை கொல்லாம எப்படி பாக்குறது? வெஸ்டர்ன் ப்ளாட்னா (புரதத்தை பேண்டா பிரிச்சு பாக்குறது) செல்லை ஒடச்சுத்தானே ஆகணும்?

அணுநோக்கி:
அதுக்குத்தான் கேடிஆர். 2014-ல ஸ்டான்ஃபோர்டுல கோவர்ட் லேப்ல ரெகோட் செஞ்சது. ஒரு சின்ன புரதத் துண்டு, அதுல இஆர்கே வந்து ஒட்டுற ஒரு எடம், நியூக்ளியஸுக்குள்ள போகச் சொல்ற ஒரு சிக்னல், வெளிய போகச் சொல்ற ஒரு சிக்னல், கடைசில ஒரு ஒளிரும் புரதம். இஆர்கே ஆஃப்ல இருந்தா அந்த துண்டு நியூக்ளியஸுக்குள்ள போய் உக்காந்துக்கும், நடுவுல பளிச்னு ஒரு வட்டம் தெரியும். இஆர்கே ஆன் ஆனா அதுல பாஸ்பேட் ஒட்டும், துண்டு வெளிய வந்துரும், நடு வட்டம் கருப்பாகி சுத்தி வளையம் ஒளிரும். உங்ககிட்ட இருக்குற சாதாரண மைக்ராஸ்கோப்லயே பாக்கலாம், ஒரே கலர் போதும். ஃப்ரெட்-னா பக்கத்துல பக்கத்துல இருக்குற ரெண்டு ஒளிரும் புரதத்துல ஒண்ணு இன்னொண்ணுக்கு சக்தியை கடத்துறது, அதுல ரெண்டு கலரோட விகிதத்தை கணக்கு போடணும், ஃபில்டர் செட் சரியா இருக்கணும், வித்தியாசமும் சிறுசா இருக்கும். அதனால ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கேடிஆர்தான் சொல்லுவேன்.

இன்னொரு விஷயமும் இதுல கெடைக்கும், நேரம். 2013-ல ஆல்பெக், ப்ரூக் குரூப் ஃப்ரெட் சென்சார் வச்சு ஒவ்வொரு செல்லா பாத்தப்ப இஆர்கே ஒரே சீரா எரியல, விட்டு விட்டு துடிக்குதுன்னு தெரிஞ்சுது. ஈஜிஎஃப்ஆர் தடுப்பானை அரைகொறை டோஸ்ல போட்டா ஒவ்வொரு செல்லும் பாதியா மங்கல, துடிப்போட எண்ணிக்கைதான் கொறஞ்சுது. வெஸ்டர்ன்ல லட்சம் செல்லை ஒண்ணா அரைச்சு பாக்குறப்ப இது "பாதி சிக்னல்"னு ஒரு பேண்டா மட்டும்தான் தெரியும்.

இம்பீடன்ஸ் கேட்டிருந்தீங்க. தங்க எலக்ட்ரோடு மேல செல்லை வளத்து கரண்ட் எவ்ளோ தடைபடுதுன்னு பாக்குறது, கீவரும் கீஸும் 1984-ல ஆரம்பிச்சது. செல் சுருண்டா, பிரிஞ்சா உடனே தெரியும், லேபிள் எதுவும் வேண்டாம். நேரம் நல்லா சொல்லும், டார்கெட் சொல்லாது. உங்க ப்ராஜெக்டுக்கு தேவைப்படாது.

வடமராட்சியான்:
வணக்கம், ஒன்ராறியோவில இருந்து எழுதுறன். இங்க கிங்ஸ்டனில குயின்ஸ் பல்கலைக்கழகத்தில ஷியாவோலாங் யாங்கின்ர ஆய்வுகூடம் செய்த வேலை ஒண்டை சொல்லோணும், தங்கச்சிக்கு உதவும். லாட்ஸ் எண்டு ஒரு கைனேஸ் இருக்கு, அது கேன்சரை அடக்கிற பக்கம். செல்லை வளரச் சொல்லுற யாப் எண்ட புரதத்தில செரீன் 127 எண்ட இடத்தில லாட்ஸ் பாஸ்பேட்டை ஒட்டினா, 14-3-3 எண்ட இன்னொரு புரதம் யாப்பைப் பிடிச்சு நியூக்ளியஸுக்குள்ள போக விடாமல் வைச்சிருக்கும். இவை என்ன செய்தவை எண்டா, லூசிஃபெரேஸ் எண்ட வெளிச்சம் தாற என்சைமை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதியை யாப்பின்ர அந்தச் சின்னத் துண்டோடயும் மற்றப் பாதியை 14-3-3-ஓடயும் ஒட்டினவை. லாட்ஸ் வேலை செய்தா ரெண்டும் சேரும், வெளிச்சம் வரும். 2018-ல இதை வைச்சு கைனேஸ் தடுப்பான்களை ஸ்கிரீன் பண்ணி, ரத்தக்குழாய் வளர்ச்சிக்கான விஇஜிஎஃப்ஆர் லாட்ஸும் யாப்பும் இருக்கிற இந்த ஹிப்போ பாதையைக் கட்டுப்படுத்துது எண்டு கண்டுபிடிச்சவை. ஆருமே அங்க தேடேல்ல, சென்சார்தான் காட்டிக் குடுத்தது.

இதில எனக்குப் பிடிச்ச விசயம், நல்ல மருந்து விழுந்தா வெளிச்சம் கூடும். எம்டிடி மாதிரி சிக்னல் குறையிறதைத் தேடினா சாகிற செல்லெல்லாம் "ஹிட்" எண்டு வந்து நிக்கும். கூடுறதைத் தேடினா செத்த செல் தானாவே விலகிப் போயிடும்.

பழைய_பிப்பெட்:
வடமராட்சியான் சொன்ன கடைசி பாயிண்ட் அருமை, சிக்னல் கூடுற டிசைன் எப்பவுமே மேல். ஆனா அதுலயும் ஒரு குழி இருக்கு, இந்த பொண்ணு அதை தெரிஞ்சிக்கிட்டே ஆகணும்.

பிடிசி124-னு ஒரு மருந்து, பின்னாடி அடலூரன்னு பேர் வச்சாங்க, கேன்சருக்கு இல்ல, டூஷேன் தசை நோய்க்கு. மின்மினிப்பூச்சி லூசிஃபெரேஸ் வச்ச செல்லுல ஸ்கிரீன் பண்ணி, வெளிச்சம் ஏறுனதை வச்சு எடுத்தது. 2009-ல ஆல்டும் இங்லீஸும் என்ன காட்டுனாங்கன்னா, அந்த காம்பவுண்ட் லூசிஃபெரேஸ் என்சைம்லயே போய் உக்காந்துக்குது, உக்காந்ததால செல்லுக்குள்ள அந்த என்சைம் சீக்கிரம் அழியாம சேந்துக்கிட்டே போகுது, அதனால வெளிச்சம் ஏறுது. ரெனில்லாங்குற கடல் உயிரியோட லூசிஃபெரேஸுக்கு மாத்துன உடனே அந்த ஏத்தம் காணோம். மருந்து நோயாளிகிட்ட வேலை செய்யுதாங்குற விவாதம் தனியா ஓடுச்சு, நான் சொல்றது ஸ்கிரீன் பத்தி மட்டும். சென்சார்கிட்ட நீ கேக்குறது பாதையை பத்தி, ஆனா காம்பவுண்ட் சென்சாரையே புடிச்சிக்கிச்சுன்னா பதில் பொய்யாயிரும்.

அதுக்கு மருந்து ஒண்ணுதான், பாஸ்பேட் ஒட்டுற எடத்தை மாத்தி வச்ச ஒரு டம்மி சென்சார். லாட்ஸ் சென்சார்ல செரீன் 127-ஐ அலனினா மாத்திட்டா வெளிச்சம் வரக்கூடாது. காம்பவுண்ட் போட்டும் டம்மி ஏறுச்சுன்னா அந்த காம்பவுண்ட் பொய்யான ஹிட்.

அப்புறம் நம்ம ஊரு விஷயம், செடி எக்ஸ்ட்ராக்ட். மஞ்சள்ல இருக்குற குர்குமின் 425 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சி பச்சை பக்கம் ஒளிரும். ஃப்ரெட் சென்சார்ல சியான் புரதத்தை தூண்டுற எடமும், மஞ்சள் புரதத்தை படிக்கிற எடமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால குர்குமின் போட்டா சென்சார் அசையாமலே விகிதம் மாறும். எம்டிடி-லயும் இதே கதை, 1983-ல மோஸ்மான் கொண்டு வந்த டெஸ்ட் அது, செல்லோட ரிடக்டேஸ் என்சைம் மஞ்சள் உப்பை ஊதாவா மாத்துறதை அளக்குது. ஆனா ஆன்டிஆக்ஸிடன்ட் நெறஞ்ச எக்ஸ்ட்ராக்ட் செல்லே இல்லாம தானாவே அந்த உப்பை ஊதாவாக்கும். செல் இல்லாத கிணத்துல எக்ஸ்ட்ராக்டும் எம்டிடி-யும் மட்டும் போட்டு ஒரு வரிசை வைக்காத தீசிஸை நான் நம்பவே மாட்டேன், இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம், எத்தனை பிள்ளைங்க உழைப்பு இப்படி போகுது.

கோவைவாசி:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும்ங்க, நான் சயின்ஸ் ஆளு இல்லைங்க. அப்பாவுக்கு சிஎம்எல், பல வருஷமா இமாடினிப்லதான் இருக்காருங்க, நல்லாத்தான் இருந்தாரு. இப்ப ரத்த டெஸ்ட்ல பிசிஆர்-ஏபிஎல் நம்பர் ஏறுதுன்னு டாக்டர் சொல்றாருங்க. மேல டி315ஐன்னு எழுதிருக்கறத பாத்துத்தான் நின்னு படிச்சேன், அந்த வார்த்தைய டாக்டரும் சொன்னாருங்க. இந்த சென்சார் வச்சு அப்பாவோட ரத்தத்துல எந்த மாத்திரை கேக்கும்னு முன்கூட்டியே பாக்க முடியுங்களா?

அணுநோக்கி:
அண்ணா, மன்னிப்பெல்லாம் எதுக்கு, இந்த இழையே அதுக்குத்தான். 2010-ல ஜப்பான்ல ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துல மிசுடானி, ஓபா குழு இதை நேராவே செஞ்சு பாத்தாங்க. பிசிஆர்-ஏபிஎல் செல்லுக்குள்ள கிராக்எல்-னு ஒரு புரதத்துல பாஸ்பேட் ஒட்டும். அந்த கிராக்எல்-ஐ வச்சு ஒரு ஃப்ரெட் சென்சார் செஞ்சு, பிக்கிள்ஸ்னு பேர் வச்சு, சிஎம்எல் நோயாளிகளோட செல்லுக்குள்ளயே ஏத்தி, மருந்து போட்டு பாத்தாங்க. ஒவ்வொரு செல்லா பாக்குறதால, கூட்டத்துல கொஞ்சமே கொஞ்சமா இருக்குற மருந்துக்கு அசையாத செல்லையும் தனியா காட்ட முடிஞ்சுது. ஆனா அது ஆய்வு, ஆஸ்பத்திரில வழக்கமா பண்ற டெஸ்ட் கெடையாது.

அப்பாவுக்கு இப்ப வழி மியூடேஷன் டெஸ்ட்தான், ஏபிஎல் கைனேஸ் பகுதியை சீக்வென்ஸ் பண்ணுவாங்க. டாக்டர் டி315ஐ சொல்லிருந்தா அதுக்கு பொனாடினிப் இருக்கு, 2021-ல அசிமினிப்னு ஒண்ணும் வந்திருக்கு, அது ஏடிபி உக்கார்ற எடத்துக்கே போகாம மிரிஸ்டாயில் பள்ளம்னு பின்னாடி வேற எடத்துல உக்காருது. எது ஒத்துக்கும்ங்குறது அப்பாவோட இதயம், ரத்தக்குழாய் நெலமையையும் பாத்து டாக்டர்தான் முடிவு பண்ணணும், முக்கியமா பொனாடினிப்புக்கு. மாத்திரையை நடுவுல நீங்களா நிறுத்தாதீங்க, வேளை தவறாம போடுறாரான்னு மட்டும் பாத்துக்கோங்க, நம்பர் ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

கோவைவாசி:
ரொம்ப நன்றிங்க. மியூடேஷன் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்தாச்சுங்க, ரிசல்ட்டுக்கு காத்துட்டு இருக்கோம்.

தரவுக்காரன்:
டியூப் மட்டும் போதும்னு சொன்னதை விட்டுடுறேன், வெமுராஃபெனிப் உதாரணத்துக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா செல்லை நம்புறதுக்கு முன்னாடி அது என்ன செல்லுன்னு பாருங்க. எம்டிஏ-எம்பி-435-னு ஒரு லைனை ரொம்ப காலம் மார்பக கேன்சர்னு வச்சு எத்தனையோ பேப்பர் எழுதினாங்க, கடைசில பாத்தா அது எம்14-ங்குற மெலனோமா லைன். எஸ்டிஆர் ப்ரொஃபைல் (செல்லோட டிஎன்ஏ அடையாளம்) வாங்காம, மைக்கோபிளாஸ்மாங்குற பாக்டீரியா தொத்தியிருக்கான்னு டெஸ்ட் பண்ணாம சென்சாரை ஏத்துறது வீண். இன்னொண்ணு, சென்சார் புரதத்தை அளவுக்கு மீறி செல்லுக்குள்ள கொட்டினா அதுவே கைனேஸுக்கு தீனியா போய், நெசமான சப்ஸ்ட்ரேட்டுக்கு போக வேண்டிய சிக்னலை உறிஞ்சிரும். ரொம்ப பளிச்னு இருக்குற செல்லை எடுக்காதீங்க, மங்கலா இருக்குறதை எடுங்க.

பிளேட் சரியா இருக்கான்னு இசட் பிரைம் போட்டே ஆகணும், 1999-ல ஜாங் குடுத்த கணக்கு. பாசிட்டிவ் கண்ட்ரோல், நெகட்டிவ் கண்ட்ரோல் ரெண்டோட ஸ்டாண்டர்ட் டீவியேஷனையும் கூட்டி மூணால பெருக்கி, ரெண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, 1-ல இருந்து கழிக்கணும். 0.5-க்கு மேல வந்தா ஸ்கிரீனிங்க ஆரம்பிக்கலாம். கீழ வந்தா காம்பவுண்டையே தொடாதீங்க, முதல்ல அஸேயை சரி பண்ணுங்க.

நெல்லை_உயிரி:
எல்லாத்தையும் ப்ரிண்ட் எடுத்து மேடம்கிட்ட காட்டினேன். பாஎஃப்3 வாங்கி ஜீன் ஏத்துறதுக்கு ஒரு செமஸ்டர் பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. அதனால நான் யோசிச்சது, பிசிஆர்-ஏபிஎல் இருக்குற கே562ங்குற ரத்தப்புற்று செல் ஒரு பக்கம், அது இல்லாத எச்எல்-60ங்குற ரத்தப்புற்று செல் ஒரு பக்கம், ரெண்டுலயும் ஒரே எக்ஸ்ட்ராக்ட், ஒரே டோஸ். கே562 மட்டும் செத்தா டார்கெட் பக்கம் ஒரு துப்பு. பாசிட்டிவ் கண்ட்ரோல் இமாடினிப். இது சரியா அண்ணா?

பழைய_பிப்பெட்:
சரியான பாதைலதான் போற. ஆனா கே562-உம் எச்எல்-60-உம் வேற வேற ஆளுகிட்ட இருந்து வந்த செல்லு, ஐஎல்-3 மட்டும் மாறுற பாஎஃப்3 மாதிரி இல்ல. ரெண்டுலயும் பி53 (கெட்டுப்போன செல்லை சாகச் சொல்ற புரதம்) இல்லைங்குறது ஒரு வகைல உனக்கு வசதி, மத்தபடி வளர்ற வேகம், பம்ப் எல்லாம் வேற. அதனால ரெண்டையும் சமமா கொல்ற ஒரு கண்ட்ரோல் வேணும், அதுக்கு வின்கிறிஸ்டின் வை. நித்தியகல்யாணில இருந்து வந்தது, மைக்ரோட்யூபுளை அடிக்கும், பிசிஆர்-ஏபிஎல் இருக்கா இல்லையான்னு பாக்காது. இமாடினிப் ஒரு மைக்ரோமோலார்ல கே562 விழணும், எச்எல்-60 நிக்கணும். வின்கிறிஸ்டின்ல ரெண்டும் விழணும். இந்த நாலு முடிவும் ஒழுங்கா வந்த அப்புறம்தான் எக்ஸ்ட்ராக்ட் பிளேட்டை போடு.

ரெண்டாவது, செல் சாகுறதுக்கு முன்னாடியே டார்கெட்டை நேரா பாரு. மருந்து போட்டு ஒரு நாலு மணி நேரத்துல செல்லை எடுத்து பாஸ்போ-கிராக்எல்-க்கு வெஸ்டர்ன் ஓட்டு, பக்கத்துல மொத்த கிராக்எல். இமாடினிப் லேன்ல பாஸ்போ பேண்ட் மங்கும். உன் எக்ஸ்ட்ராக்ட் லேன்லயும் மங்கிச்சுன்னா நீ தைரியமா "டார்கெட்டட்"னு எழுதலாம், மங்கலன்னா செல் எவ்ளோ செத்தாலும் எழுதாத. அணுநோக்கி சொன்ன அந்த சென்சார் படிக்கிறதும் இதே கிராக்எல்-ஐத்தான், அவங்க உயிரோட இருக்குற செல்லுல பாக்குறாங்க, நீ ஒடச்சு பாக்குற, அவ்ளோதான்.

செய்முறைல ஒண்ணு, ரெண்டு செல்லுமே மெதக்குற செல்லு, எம்சிஎஃப்-7 மாதிரி தட்டுல ஒட்டாது. எம்டிடி போட்டு மூணு நாலு மணி நேரம் கழிச்சு மீடியாவை உறிஞ்சி எடுக்குறப்ப படிகமும் செல்லும் சேந்து போயிரும், அதனால பிளேட்டை முதல்ல சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்திட்டு எடு, இல்லன்னா எஸ்டிஎஸ் பஃபரை அப்படியே மேல ஊத்தி ராத்திரி முழுக்க கரைய விடு. மருந்தை கரைக்கிற டிஎம்எஸ்ஓ எல்லா கிணத்துலயும் 0.1 சதவீதம், வெறும் மீடியா கிணறு உட்பட. செல் இல்லாத எக்ஸ்ட்ராக்ட் வரிசையை மறந்துராத. முதல் பிளேட்டோட இசட் பிரைம் வந்ததும் நம்பரை இங்க போடு, பாத்து சொல்றோம்.